எலி கடித்த வாத்தியம்

என் வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாளாகவே எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான். "சரி." குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்ற வேண்டும் என்றால் சரி. என் தங்கை குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்கப்போகிறாள் என்றாலும் சரி. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் விட்டதே இல்லை. உப்பு போதுமா என்று கேட்டால்கூட உப்பைப் பற்றி ஒரு வழக்காடிவிட்டுத்தான் அடுத்த வாய் சாப்பிடுவார். அப்பேர்ப்பட்டவர் இப்படிச் சாதுவாகிவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. ஒரு வழியாக ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தையல்காரி. வீட்டிலேயே மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறேன். அவருக்கு லேத் பட்டறையில் வேலை. பகலெல்லாம் இரும்பைக் கடைந்துவிட்டு வந்து, சாயங்காலமானால் பால்கனியில் உட்கார்ந்து வாத்தியம் செய்வார். வாத்தியம் என்றதும் மேடையில் வைத்து வாசிக்கிற வீணையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பிஸ்கட் டப்பாதான் இவருடைய வீணைக்குக் குடம். உடைந்த கட்டிலின் சட்டத்தை இழைத்து, டப்பாவின் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்தால் அது தண்டு. சைக்கிள் சக்கரக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டித் தண்டின் குறுக்கே பதித்தால் அவை மெட்டு. தந்தியை முறுக்கி இறுக்குகிற மரமுளைக்குப் பிருடை என்று பெயர். டப்பா மூடியின் மேல் நின்று தந்திகளைச் சுமக்கிற சின்ன மரத்துண்டு குதிரை. செய்யும் நேரத்தைவிட அந்தக் குதிரையை நகர்த்துகிற நேரம்தான் அதிகம்.

நகர்த்துவது என்றால் மயிரிழை மயிரிழையாக. நடு மெட்டில் தந்தியை அழுத்தி மீட்டுவார். அப்புறம் அதே இடத்தில் விரல் நுனியால் பட்டும் படாமலும் தொட்டு மீட்டுவார். இரண்டு ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குதிரையைப் பின்னால் தள்ளு, முன்னால் தள்ளு என்று பொழுது அதிலேயே போகும். இதில் கொசு என்று ஒன்று வேறு உண்டு. ஏதாவது ஒரு மெட்டு இம்மியளவு தூக்கிக்கொண்டிருந்தால் தந்தி அதில் உரசி 'ங்ங்' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். அதற்கு எங்கள் வீட்டில் கொசு என்று பெயர். கொசு இருக்கிற வாத்தியத்தை அவர் வாசலைத் தாண்ட விட்டதில்லை. என் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட, "இரு இரு, கொசு கேக்குது" என்று என்னை நிறுத்தச் சொல்வார். எனக்கு ஒரு கொசுவும் கேட்காது. உங்கள் காதுக்கு மட்டும் எங்கிருந்துதான் வருகிறதோ என்று கேலி செய்வேன்.

ஒருநாள் எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் வந்தார். குழந்தைகளுக்கென்று அவர் கேட்டு வாங்கிப் போயிருந்த வாத்தியங்களில் ஒன்று கையில் இருந்தது. இவர் இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. சார் எவ்வளவு நல்லா செஞ்சு தருவார்! இது மட்டும் ஏதோ ஒரு மாதிரி இரையுது."

மீட்டிக் காட்டினார். 'ங்ங்' என்றது.

எனக்கே கேட்டது. பாட்டுக்கும் எனக்கும் காத தூரம். ஸ்ருதி என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிறவள் நான். எனக்கே அந்தக் கொசு பட்டப்பகலில் காதருகே பறக்கிற மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. இது எப்படி அவர் காதுக்குத் தப்பியது?

"அப்புறம் இங்க பாருங்க." டீச்சர் தண்டின் தலைப்பக்கத்தைக் காட்டினார். பிருடைகளுக்கு மேலே, மரத்தின் ஓரத்தில் வரிசையாகப் பள்ளங்கள். "எலி கடிச்ச மாதிரி இல்ல?"

எனக்கு மானமே போய்விட்டது. வாங்கிக்கொண்டு போகும்போதே பார்த்திருக்கக்கூடாதா என்று சொல்ல முடியுமா? வீட்டில் சீருடைத் துணி கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. எலி புகுந்தால் என் பிழைப்பு நாசம். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு செய்து தரச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

பட்டறையிலிருந்து அவர் வந்ததும் தண்டை முகத்துக்கு நேரே நீட்டினேன். "எலி வந்திருக்குங்க. பாருங்க, எப்படிக் கொறிச்சு வச்சிருக்குன்னு."

அவர் அதை வாங்கினார். பள்ளங்களைக் கட்டை விரலால் தடவினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, "எலிதான்" என்றார். "பொறி வாங்கிட்டு வரேன்."

சொன்னபடியே மறுநாள் எலிப்பொறியோடு வந்தார். ரொட்டித் துண்டை அதில் மாட்டி பால்கனியில் வைத்ததும் அவரே. காலையில் போய்ப் பார்த்தால் ரொட்டி அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆனால் புதிதாகச் செய்த தண்டில் மட்டும் பல்தடம் பளிச்சென்று விழுந்திருந்தது. ரொட்டியை விட்டுவிட்டுக் கட்டில் மரத்தைத் தின்கிற எலியை நான் எங்கும் கண்டதில்லை. துணிக்கட்டுகளையெல்லாம் பரண்மேல் ஏற்றினேன். ராத்திரி ஏதாவது அசைந்தால் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தேன். அவரோ நிம்மதியாகத் தூங்கினார்.

அப்புறம்தான் நெட்டை வந்தான். பட்டறையில் இவருக்குப் பக்கத்து மிஷினில் நிற்கிறவன். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், ஆகவே அந்தப் பெயர். எப்போதும் வாசலிலேயே ஒரு கேலியை அவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அன்று அவன் சிரிக்கவில்லை.

"அண்ணி, அண்ணன் வீட்ல இல்லையே?"

"இல்ல, கடைக்குப் போயிருக்கார். ஏன்?"

"நான் வந்து சொன்னேன்னு சொல்லாதீங்க." அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "இன்னைக்கு செயின் பிளாக்ல ஒரு பெரிய இரும்பு உருளையைத் தூக்கிட்டிருந்தோம். கொக்கி நழுவி அது ஒரு பக்கமா ஆட ஆரம்பிச்சிடுச்சு. அண்ணன் அந்தப் பக்கம் முதுகு காட்டிட்டு நிக்கிறார். 'அண்ணே, அண்ணே'ன்னு நாங்க அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தறோம். திரும்பவே இல்ல அண்ணி. அது அவர் தோளை ஒட்டிப் போய் சுவத்துல மோதி நின்னுச்சு. அப்புறம்தான் திரும்பிப் பாத்து, 'என்னடா எல்லாரும் முறைக்கறீங்க'ன்னு கேக்கறார்."

கையிலிருந்த கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"மிஷின் ஓடற சத்தத்துல கேக்காம இருந்திருக்கும்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

"மிஷினை நிறுத்தியிருந்தோம் அண்ணி" என்றான் நெட்டை.

அவன் போனபின் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குக்கர் விசிலடித்துக்கொண்டே இருக்க, பக்கத்தில் நின்று அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தது. போன் மணியடித்தால் என் முகத்தைப் பார்த்தது. பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் ஆசை என்று நினைத்தேன். இந்த வயதில் என்ன புதுமோகம் என்று வெட்கப்பட்டுக்கூடத் தொலைத்தேன். அப்புறம் அந்த சரி, சரி, சரி. நான் ஜெயிக்கவே இல்லை. அவருக்கு நான் என்ன சொன்னேன் என்றே தெரிந்திருக்காது.

அவர் திரும்பி வந்ததும் சோதித்துப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று, "டீ வேணுமா?" என்றேன். பதில் இல்லை. கொஞ்சம் உரக்கக் கேட்டேன். இல்லை. மேஜைமேல் இருந்த ஊசி டப்பாவை வேண்டுமென்றே தள்ளிவிட்டேன். அது தரையில் விழுந்து ஊசியெல்லாம் சிதறியது. அவர் பாட்டுக்குப் பிருடைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். குனிந்து ஊசி பொறுக்கினேன். கண்ணீர் மறைத்ததில் பாதி ஊசி அகப்படவில்லை.

மறுநாள் நேராகவே கேட்டுவிட்டேன். நெட்டை வந்ததைச் சொல்லவில்லை. "காது டாக்டர்கிட்ட ஒரு தடவை போய்ட்டு வரலாங்க. உங்களுக்குச் சரியா கேக்கலையோன்னு தோணுது" என்று முகத்துக்கு எதிரே நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"யாருக்குக் கேக்கல? பட்டறைக்குப் போய்ட்டு வந்தா கொஞ்ச நேரம் காது அடைச்சிருக்கும். அது எல்லாருக்கும் உள்ளதுதான்."

"அடைச்சது திறக்கவே மாட்டேங்குதே."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. நான் கத்தினாலும் கதறினாலும் இனிச் சுவரோடு பேசுகிற கதைதான். இவருக்கு வாதத்தை முடிப்பது எவ்வளவு சுலபமாகிவிட்டது என்று எரிச்சல் பொங்கியது. எரிச்சலுக்கு அடியில் பயம். அன்றிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்பிப் போனால் திரும்பி வருகிறவரை என் உயிர் என்னிடம் இல்லை. படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் மிஷினை நிறுத்தினேன். போன் அடித்தால் எடுக்கக் கை வராது. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்கும்போது துணியும் கிழிந்தது.

ஒருநாள் பட்டறைக்கு விடுமுறை. பள்ளிக்கூடத்தில் சீருடைகளை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனேன். அலுவலகம் பூட்டியிருந்தது. மூட்டையைச் சுமந்துகொண்டு அப்போதே திரும்பிவிட்டேன். கதவைத் திறந்து உள்ளே வந்தால் பால்கனியில் அவர் முதுகு தெரிந்தது. ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். தந்தி ஒலித்தது. நின்றது. மறுபடி ஒலித்தது. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அருகே போனேன்.

டப்பா மடிமேல் நின்றுகொண்டிருந்தது. தண்டு நிமிர்ந்து முகம்வரை வந்திருந்தது. அதன் தலைப்பக்கத்தை வாயில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. ஒரு கை கீழே தந்தியை மீட்டியது. இன்னொரு கை குதிரையை இம்மியளவு நகர்த்தியது. மறுபடி மீட்டினார். புருவம் சுருங்கியது. பற்களை இன்னும் அழுத்தினார்.

எலியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் அந்தப் பொறி ஞாபகம் வந்தது. ரொட்டித் துண்டு மாட்டி, பொறி வைத்து, தினமும் காலையில் என்னோடு வந்து வெறும் பொறியை எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் மாட்டலையே" என்று சொன்ன மனிதர். எவ்வளவு பயந்திருந்தால் இத்தனை நாடகம் ஆடியிருப்பார்!

என் நிழல் டப்பாமேல் விழுந்ததும் கண்ணைத் திறந்தார். தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. தண்டை வாயிலிருந்து எடுத்து, எச்சிலைச் சட்டையில் துடைத்தார்.

"பல் கூசுது" என்றார். "அதான் எதையாவது கடிச்சா நல்லா இருக்குமேன்னு..."

"எலிக்குப் பல் கூசுதா?" என்று கத்தினேன்.

அவர் என் உதட்டைப் படித்துக்கொண்டார். தலை கவிழ்ந்தது. கொஞ்ச நேரம் பிருடையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"பல்லுல வச்சா கேக்குது" என்றார் கடைசியில். "மரத்து வழியா நேரா மண்டைக்குள்ள வருது. கொசு கூடக் கேக்குது. டீச்சர் திருப்பிக் கொடுத்தாங்களே, அதுல நான் சரியா கடிக்கல. குழந்தைங்க வாசிக்கிறதாச்சே, எச்சில் படக்கூடாதேன்னு துணியைச் சுத்திக் கடிச்சேன். பல்தடம் விழுந்துச்சு, ஆனா துணி சத்தத்தைத் தின்னுடுச்சு."

"எவ்வளவு நாளா?"

"அப்பாவைப் பாத்திருக்கியே" என்றார்.

பார்த்திருக்கிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது என் மாமனாருக்குக் காது சுத்தமாகப் போயிருந்தது. வயதொன்றும் அதிகமில்லை. யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. சாப்பிட வா என்பதற்கு ஒரு கையசைப்பு, எழுந்து நகர் என்பதற்கு ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். கூடத்தில் எல்லோரும் சிரித்தால் அவரும் ஒரு நொடி கழித்துச் சிரிப்பார். நானும் கை காட்டியவள்தான்.

"டாக்டர்கிட்ட போனா என்ன சொல்வாங்க? உங்கப்பா மாதிரியேன்னு சொல்வாங்க. சொல்லிட்டா அப்புறம் அது நிஜமாயிடும். பட்டறையில நிக்க விடமாட்டாங்க. நீயும்..."

"நான் என்ன?"

"நீயும் கை காட்ட ஆரம்பிச்சிடுவே" என்றார். என்னைப் பார்க்காமல், தெரு இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் பயமும் அதில் சேர்ந்துகொண்டது. அவர் மடியிலிருந்த டப்பாவைப் பிடித்தேன். மோவாயைப் பிடித்து முகத்தை என் பக்கம் திருப்பினேன். தண்டின் தலையை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனேன்.

"கடிங்க" என்றேன்.

மிரண்டு போய்ப் பார்த்தார்.

"கடிங்கன்னா கடிங்க!"

கடித்தார். நான் தரையில் மண்டியிட்டேன். டப்பா மூடியில் அவர் ஓசைக்காகப் போட்டிருந்த ஓட்டைக்கு வாயைக் கொண்டுபோனேன். தகரத்தில் எண்ணெய் வாசனை அடித்தது. இவ்வளவு நாளாகக் கத்தித் தீர்த்தவளுக்கு, இப்போது என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"கேக்குதா?" என்றேன். சும்மா, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில்.

தண்டு அசைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பல்லை எடுக்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண்கள் அகலமாகத் திறந்திருந்தன.

மறுபடி ஓட்டையில் குனிந்தேன். "நெட்டை வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான். இரும்பு உங்க தோள்கிட்ட வந்துச்சாம். அத்தனை பேர் கத்தினாங்களாம். எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க காலையில படியிறங்கிப் போனா, அப்புறம் ஒரு வேலையும் ஓடல. செவிடாயிட்டா என்ன? ஆகட்டும். நான் இந்த டப்பாவுக்குள்ள தலையை விட்டுட்டே குடும்பம் நடத்தறேன். ஆனா நீங்க உயிரோட திரும்பி வரணும். டாக்டர் பாத்தா சரியாகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியாது. பாக்காமலே விட்டா என்னால தாங்க முடியாது. என்னோட ஒரே ஒரு தடவை வாங்க. வரமாட்டேன்னு சொல்றதா இருந்தா அதையும் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. திரும்பிக்காதீங்க."

சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. தகரத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். நிமிர்ந்தால் அவர் முகம் தெருப் பக்கம் திரும்பியிருக்குமோ என்று பயம். கீழே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

தண்டு மெதுவாக அவர் வாயிலிருந்து விலகியது.

"உன் குரலுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

நிமிர்ந்தேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே" என்று தலையை ஆட்டினேன்.

"இல்ல. இது உன் குரலே இல்ல. கட்டையா, உடைஞ்சு போயிருக்கு. நடுவுல காத்து மட்டும்தான் வருது." தண்டை மறுபடி பல்லில் வைத்துக்கொண்டு, பேசு என்று கையைக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்று டப்பாவுக்குள் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கும் கேட்டது. தகரம் அதைத் திருப்பி என் முகத்திலேயே அடித்தது. கரகரவென்று, யாரோ வயதான பொம்பளை பேசுகிற குரல். எப்போது இப்படி ஆனது? எழுந்ததும் தொண்டை வலிக்கும். வெந்நீர் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். சமையலறையிலிருந்து கத்தியது, மிஷினிலிருந்து கத்தியது, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கத்தியது. இவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தேய்ந்துபோயிருக்கிறது.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. வாத்தியத்தைக் கீழே வைத்தார். தன் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துப் பார்த்தார்.

"இத்தனை நாளா இப்படியா கத்திட்டிருக்கே?" என்றார். "எனக்கு மெதுவாத்தான் கேட்டுச்சு. நீ சாந்தமாயிட்டேன்னு நினைச்சேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு அது பாதியில் அழுகையாகிவிட்டது.

அவர் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். "கிளம்பு. தொண்டையை இப்படியே விடக்கூடாது. அந்தத் திருப்பத்துல ஒரு டாக்டர் இருக்காரே, போர்டு போட்டிருக்குமே..." பொத்தான் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. போர்டை மனதுக்குள் படிக்கிறார் என்று தெரிந்தது. நானும் படித்தேன். காது, மூக்கு, தொண்டை.

எங்கே வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம் அப்படியே இருந்தது. அவர் முகத்திலும் அதே பயம்தான். ஆனால் அவர் திரும்பிக்கொள்ளவில்லை. விட்ட இடத்திலிருந்து பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

"முதல்ல உன்னைத்தான் பாக்கச் சொல்வேன்" என்றார். "இதுல தகராறு பண்ணாதே."